திரையில் நீலம், அச்சில் ஊதா: கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் போஸ்டருக்கு உதவி வேண்டும்

கிறுக்கன்:
தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் 2018 ஜனவரியில் சென்னையில் முதல் கச்சேரி நடத்திய நாளிலிருந்து எனக்குப் பிடித்த குழு. அவர்கள் கோட் சூட்டில் வரிசையாக நிற்கிற மாதிரி கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் ஒரு போஸ்டர் வரைந்திருக்கிறேன். ஆட்கள் எல்லோரும் சாம்பல் நிறம், பின்னணி முழுக்க நீலம். அம்பேத்கர் நீலம், ஏன் என்று சொல்லவே வேண்டாம்.

ஏ3 அளவில் பிரிண்ட் எடுத்தால் நீலம் செத்துப்போய் ஊதாவாக வருகிறது. நீலத்தின் மதிப்பு ஆர்ஜிபியில் (சிவப்பு, பச்சை, நீலம்) 0, 0, 255. கேன்வாஸ் 1754 × 2480. பிஎன்ஜியாகக் கொடுத்தேன். கடைக்காரர் "அப்படித்தான் வரும்" என்கிறார். கோடுகளும் கொஞ்சம் மங்கல். எங்கே இடிக்கிறது?

மைக்குப்பி:
கடைக்காரர் சொன்னது பாதி உண்மை. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, பிரிண்டர் மையால் காட்டுகிறது. 0, 0, 255 என்ற நீலத்தை நான்கு மைகளைக் கலந்து கொண்டுவரவே முடியாது. பிஎன்ஜியில் சிஎம்ஒய்கே, அதாவது அந்த நான்கு மைக் கணக்கு, கிடையாது, அதனால் நிறமாற்றம் கடையில் தானாக நடந்திருக்கும். அப்படி மாற்றும்போது சயானோடு (வெளிர்நீல மை) மஜென்டாவும் (இளஞ்சிவப்பு மை) ஏறக்குறைய அதே அளவுக்கு ஏறிவிடும். அதுதான் உங்கள் ஊதா.

அச்சுக்காரர்களிடம் ஒரு பழைய கணக்கு உண்டு: நீலம் நீலமாகவே இருக்க வேண்டுமென்றால் மஜென்டா சயானைவிட 30 சதவீதமாவது குறைவாக இருக்க வேண்டும். சயான் 100, மஜென்டா 60 என்று ஆரம்பித்துப் பாருங்கள். திரையில் பார்க்கும்போது பழையதைவிடக் கொஞ்சம் டல்லாகத்தான் தெரியும், பரவாயில்லை.

கிரிட்டாவில் கன்ட்ரோல் ஒய் அழுத்தினால் அச்சில் எப்படி வரும் என்று ஓரளவு காட்டும். கூடவே ஷிஃப்ட்டும் சேர்த்தால் அச்சுக்கு எட்டாத இடங்களைத் தனியாகக் காட்டும். கடையில் எந்த நிற புரொஃபைல் (பிரிண்டரில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் கோப்பு) வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு கிரிட்டாவிலும் அதையே போடுங்கள்.

கோடு மங்கல் வேறு கதை. உங்கள் கேன்வாஸ் ஏ3-க்கு 150 டிபிஐதான், அதாவது அங்குலத்துக்கு 150 புள்ளி. 300 வேண்டுமென்றால் 3508 × 4961. பெரிதாக்கிவிட்டு, கோட்டு லேயரை மட்டும் மேலே புதிதாக இழுத்துவிடுங்கள். நிறம் நிரப்பிய லேயர்கள் அப்படியே இருக்கட்டும்.

கிறுக்கன்:
ஷிஃப்ட் அழுத்தியதும் பின்னணி முழுக்க எச்சரிக்கை! 100, 60 போட்டதும் போய்விட்டது. சரி அண்ணா, இதை எந்த ஃபார்மட்டில் கொடுப்பது?

மைக்குப்பி:
சிஎம்ஒய்கேவுக்கு மாற்றி டிஃப் ஃபைலாக. ஆர்ஜிபி மூலக்கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முழு போஸ்டரும் அடிக்கும் முன் நீலத்தில் நான்கைந்து கட்டங்கள் போட்டு, மஜென்டாவை 50, 55, 60 என்று மாற்றி அதே தாளில் ஒரு சின்ன பிரிண்ட் பாருங்கள். தாள் மாறினால் நீலமும் மாறும்.

தப்படி:
படம் அருமை தோழர். ஒன்றை மட்டும் திருத்துங்கள். பறை அடிப்பவர் கையில் இரண்டு குச்சியும் ஒரே மாதிரி இருக்கிறது. ஒன்று அடிக்குச்சி, குட்டையாகத் தடிப்பாக இருக்கும். இன்னொன்று சுண்டுக்குச்சி, நீளமாக மெல்லிசாக இருக்கும். இப்போது பார்த்தால் டிரம்ஸ் குச்சி மாதிரி இருக்கிறது. வாசிக்கிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அதுதான்.

பட்டறைக்காரன்:
நான்கு மை கலவையில் எவ்வளவு மெனக்கெட்டாலும் அந்தப் பளிச் நீலம் முழுசாகக் கிடைக்காது. உங்கள் படத்தில் நீலம், கறுப்பு என்று இரண்டே நிறம்தான், சாம்பலைக் கறுப்புப் புள்ளிகளாக உடைத்துவிடலாம். ஸ்கிரீன் பிரிண்டிங்கில் (சல்லடைத் துணி வழியாக மையைத் தள்ளி அடிப்பது) நீல மையையே நேராகக் கலந்து அடிப்பார்கள், ஊதா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒரே ஒரு பிரதிக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது. நண்பர்களுக்கும் சேர்த்து ஐம்பது அடிப்பதாக இருந்தால் நீலத்துக்கு ஒன்று, கறுப்புக்கு ஒன்று என்று இரண்டு லேயராகப் பிரித்துக் கொண்டுபோங்கள்.