மீன், இறால் வளர்ப்பில் வேலையெல்லாம் எங்கே இருக்கிறது?

நீர்ப்பூச்சி:
டிப்ளமோ முடித்த என் தம்பி இறால் பண்ணை வேலைக்குப் போகலாமா என்று கேட்கிறான். இந்தத் தொழில் ஏராளமானவர்களுக்கு வேலை தருகிறது என்று படிக்கிறோம். ஆனால் நான் பார்த்த பண்ணையில் பெரிய குளங்களைக்கூட இரண்டு மூன்று பேரே பார்த்துக்கொள்கிறார்கள். அப்படியானால் மீதி வேலை எங்கே? வருமானம் நிலையானதா?

பொரிப்பகத்து அக்கா:
குளக்கரையில் மட்டும் பார்த்தால் அப்படித்தான் தெரியும், தம்பி. நான் இறால் குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்கிறேன். முட்டை பொரித்ததிலிருந்து குஞ்சு விற்கும் பருவம் வரை ஏறக்குறைய மூன்று வாரம். அதுவரை ராத்திரி பகல் பார்க்க முடியாது. ஒருவர் குஞ்சுத் தீனிக்குப் பாசி வளர்ப்பார், ஒருவர் அதே தீனிக்கு ஆர்டீமியா என்ற மிகச்சிறு உப்புநீர் உயிரியைப் பொரிக்க வைப்பார், இன்னொருவர் நுண்ணோக்கியில் குஞ்சின் குடலைப் பார்த்து அடுத்த வேளை தீனியை முடிவு செய்வார். அப்புறம் தீவன ஆலை, ஐஸ், லாரி, ஏரியேட்டர் (குளத்து நீரில் காற்றைக் கலக்கும் கருவி) மெக்கானிக், நீர்ப் பரிசோதனை எல்லாம் இருக்கிறது. பிடிப்பு முடிந்தால் தலை கிள்ளி, ஓடு உரித்து, கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால் என்ற அளவு) பிரிக்கும் கூடங்கள்.

ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்குப்படி, 2022இல் மீன்பிடிப்பிலும் வளர்ப்பிலும் நேரடியாக இருந்தவர்கள் உலகம் முழுக்க சுமார் 6.2 கோடி பேர். அதில் வளர்ப்பில் மட்டும் 2.2 கோடி. இந்த நேரடி வேலைகளில் பெண்கள் 24 சதவீதம்தான்; பிடித்த பிறகான பதப்படுத்தலில் 62 சதவீதம். அந்த உரிக்கும் கூடங்களில் பல இடங்களில் கூலி கிலோவுக்கு இவ்வளவு என்றுதான். சரக்கு வராத வாரம் சம்பளமே இல்லை. வேலைவாய்ப்பு பெருகியது என்று பெருமையாகப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நாலு குளம்:
பண்ணைக்காரன் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடும். பண்ணைகளில் அதிகம் வளர்க்கும் வனாமி வகை இறால் மூன்று, நாலு மாதம் வளரும் வரை ஒரு காசு வராது. வெள்ளைப்புள்ளி நோய் புகுந்தால் பத்து நாளுக்குள் குளமே காலி. விடிவதற்கு முன்புதான் தண்ணீரில் ஆக்சிஜன் மிகவும் குறையும், அந்த நேரத்தில் ஏரியேட்டர் நிற்காமல் பார்க்கிற ஆளை நம்பித்தான் குளமே இருக்கிறது. உங்கள் தம்பி வந்தால் மாதச் சம்பளம் தனி, விளைச்சல் பங்கு தனி என்று முதலிலேயே பேசிக்கொள்ளட்டும்.

கயிற்றுச் சிப்பி:
கையில் முதல் குறைவென்றால் சிப்பி வளர்ப்பையும் பாருங்கள். தீவனமே வேண்டாம், கடல்நீரில் உள்ள நுண்பாசியை வடிகட்டித் தின்றுகொள்ளும். ஆனால் ஒரு வருடத்துக்கு மேலும் காத்திருக்க நேரிடும். நச்சுப்பாசி பெருகினால் சிப்பியில் சேர்ந்த நச்சு வடியும்வரை அறுவடையை நிறுத்திவிடுவார்கள்.

நீர்ப்பூச்சி:
அக்கா, அனுபவமே இல்லாதவனைப் பொரிப்பகத்தில் எடுப்பார்களா?

பொரிப்பகத்து அக்கா:
எடுப்பார்கள். முதலில் தொட்டி கழுவுவதும் தண்ணீர் மாற்றுவதும்தான். உப்புத்தன்மை, பிஎச் (அமில, காரத் தன்மை), அம்மோனியா பார்க்கப் பழகிக்கொள்ளச் சொல்லுங்கள். அது கைவந்தால் மீன், இறால், சிப்பி எந்தப் பண்ணையிலும் கேட்டு வாங்குகிற வேலை. சேரும்போது ராத்திரி ஷிஃப்டுக்குத் தனிக் கூலி உண்டா என்று மறக்காமல் கேட்கட்டும்.