தூக்க முடியாமல் போன கை: உங்கள் மூட்டு அனுபவத்தையும் எழுதுங்கள்

கல்லடி மகள்:
அப்பா மட்டக்களப்பு வாவியில் வீச்சுவலை போடுகிறவர். போன வருடம் வலது கை மெல்ல மெல்லத் தோளுக்கு மேலே எழும்பாமல் போனது. தூக்கிப் பழகினால் சரிவரும் என்று நாங்களே விடிய விடியப் பிடித்துத் தூக்கிவிட்டோம். அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மாமி வேலியால் எட்டிப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி மிஸ் கையைத் தூக்கச் சொல்லவே இல்லை. "முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வைங்க ஐயா. இப்ப கதவு திறக்கிற மாதிரி முன்கையை வெளியே கொண்டு போங்க." கை அசையவில்லை. மிஸ் பிடித்துத் தள்ளியும் நகரவில்லை. மூட்டைச் சுற்றியிருக்கிற உறை இறுகிவிட்டதாம். இந்த வருத்தத்தில் முதலில் போவது இப்படிக் கையை வெளியே திருப்புகிற வெளிச்சுழற்சிதான். சீனி வருத்தக்காரருக்கு அதிகம் வரும். அப்பாவுக்கும் சீனி இருக்கிறது.

சுழற்சிக்கும் தூக்குவதற்கும் என்ன சம்பந்தம்? செய்து பாருங்கள். பெருவிரல் கீழே பார்க்கக் கையைப் பக்கவாட்டில் உயர்த்தினால் தோள்மட்டத்தைக் கொஞ்சம் தாண்டியதும் முட்டும். உள்ளங்கையை மேலே திருப்புங்கள், காதுவரை போகும். மேற்கை எலும்பின் தலையில் ஒரு புடைப்பு இருக்கிறது. அது தோளின் கூரையில் இடிக்காமல் விலக எலும்பு வெளியே சுழல வேண்டும். இன்னொன்று: முழுதாகத் தூக்கும் 180 பாகையில் ஏறக்குறைய 60 பாகை தோளின் பந்துக்கிண்ண மூட்டினுடையதே அல்ல, முதுகில் தோட்பட்டை எலும்பு திரும்புவதால் வருவது.

மருதமுனைத் தறி:
எங்கள் வாப்பா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டுக்குப் பக்கத்தில் முறிவு. ஆறு கிழமை பிளாஸ்டர். கழற்றிய அன்று மணிக்கட்டை மடக்கினார், நீட்டினார், நாங்களும் அல்ஹம்துலில்லாஹ் சொல்லிக்கொண்டோம். அப்புறம் லுஹருக்கு வுழூ எடுக்கப் போனவர் குழாயடியிலேயே நின்றுவிட்டார். தண்ணீரை ஏந்த உள்ளங்கை நிமிரவில்லை.

கை நிமிர்வதும் கவிழ்வதும் மணிக்கட்டின் வேலை என்றுதான் நினைத்திருந்தேன். அது முன்கையின் வேலையாம். முன்கையில் ஆரை, அரந்தி என்று இரண்டு எலும்பு. கவிழ்க்கும்போது ஆரை அரந்திக்குக் குறுக்கே சாயும், நிமிர்த்தினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும். இவை இரண்டும் முழங்கையருகே ஒன்றும் மணிக்கட்டருகே ஒன்றுமாக இரு மூட்டுகளில் சேர்கின்றன. வாப்பாவுக்கு முறிந்தது கீழ் மூட்டையொட்டி. உம்மாவின் அகப்பையைக் குத்துக்குப் பிடித்து இருபக்கமும் சாய்ப்பதுதான் பயிற்சி. முழங்கை விலாவில் ஒட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் தோளைச் சாய்த்துக் கள்ளம் பண்ணுவார். கல்லடி மகள் சொன்ன அதே விலா!

வயற்காரன், அக்கரைப்பற்று:
என்னுடையது சின்னக் கதை. வரம்பில் கால் பிரண்டது. எல்லாரும் கணுக்கால் பிரண்டது என்கிறோம். கணுக்கால் கதவுப் பிணைச்சல் மாதிரி, பாதத்தை மேலும் கீழும்தான் ஆட்டும். பாதம் உள்ளே பிரள்வது பெரும்பாலும் அதற்கும் கீழே, குதிகால் எலும்பின் மேலிருக்கிற மூட்டில். ஆனால் இழுபட்டது வெளிப்பக்கத் தசைநார், வீக்கமும் அங்கேதான். நான் உட்பக்கம் எண்ணெய் பூசிக்கொண்டிருந்தேன்.

கல்லடி மகள்:
நல்ல ஆள்! அப்பா இப்போது வலை வீசுகிறார், சின்ன வலைதான். உட்சுழற்சி இன்னும் பாக்கி. முதுகு சொறிய அம்மாவைத்தான் கூப்பிடுகிறார்.