'நட்ஜ்' தமிழில் என்ன? (திங்கள்கிழமை அச்சுக்குப் போகிறது)

கு. (கோவை):
வணக்கம். தமிழ்வழிப் பொருளியல் மாணவர்களுக்குப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். 'நட்ஜ்' என்ற இடத்தில் மாட்டிக்கொண்டேன். அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் தேலரும் சட்ட அறிஞர் காஸ் சன்ஸ்டைனும் 2008-ல் புத்தகமாகவே எழுதிய விஷயம். தேலருக்கு 2017-ல் நோபலும் கிடைத்தது. எதையும் தடுக்காமல், காசாசையும் காட்டாமல், தேர்வுகளை அடுக்கிவைக்கும் விதத்தாலேயே ஆளை ஒரு பக்கம் சாய வைப்பது. எடுத்துக்காட்டு, உறுப்புதானம். 2003-ல் வந்த ஆய்வின்படி, விரும்பியவர் தாமே பதிய வேண்டிய ஜெர்மனியில் ஒப்புதல் 12 சதவீதம். மறுக்காதவரெல்லாம் சம்மதித்தவர் என்று கொள்ளும் ஆஸ்திரியாவில் 99-க்கும் மேல். 'தூண்டல்' போடலாமா?

வே. (மதுரை):
வேண்டாம். உளவியலில் தூண்டல்–துலங்கல் இருக்கிறது, இயற்பியலில் மின்காந்தத் தூண்டல் இருக்கிறது. பாவம், அந்தச் சொல் எத்தனை சுமக்கும்? 'இடிப்பு' என்பேன். முழங்கையால் இடிப்பதுதானே நட்ஜ்? நட்பைப் பற்றி வள்ளுவர் 'மேற்சென்று இடித்தற் பொருட்டு' (784) என்கிறார். அரசனுக்கும் இடிப்பார் வேண்டும் (448).

சா. (சென்னை):
ஐயா, வள்ளுவரின் இடித்தல் முகத்துக்கு நேரே கண்டிப்பது. நட்ஜில் யாரும் வாயே திறப்பதில்லை. படிவத்தில் எந்தக் கட்டத்தில் முன்கூட்டியே டிக் போட்டிருக்கிறது என்பதுதான் சங்கதி. அதோடு, 'அரசின் இடிப்புக் கொள்கை' என்று எழுதினால் பிள்ளைகள் புல்டோசரைத்தான் நினைப்பார்கள்.

ந. (தஞ்சாவூர்):
கையில் நெய்யை வைத்துக்கொண்டு எங்கே தேடுகிறீர்கள்? 'நுந்தல்'. நுந்துதல் என்றால் தள்ளுதல், விளக்குத் திரியைத் தூண்டுதல். சோழர் கல்வெட்டில் வரும் 'நுந்தா விளக்கு' யாரும் தூண்டாமலே எரிவது. விரல்நுனியால் திரியை ஒரு நூலளவு தள்ளினால் சுடர் நிமிரும். தேலர் சொல்வதும் அதுதானே? நட்ஜ், நுந்து: ஒலி உறவையும் கவனியுங்கள். ஒரு விளக்குக்கு 96 ஆடு விட்ட கல்வெட்டுகள் பல உண்டு. 'சாவா மூவாப் பேராடு' என்பார்கள். கிழடானதும் செத்ததும் போகக் குட்டிகளால் எண்ணிக்கை நிரம்ப வேண்டும், விளக்குக்கு நெய் தவறக்கூடாது. இந்த ஏற்பாட்டைப் பற்றித் தனியாக…

கு.:
ஐயா, ஆடுகள் பாடத்தைத் தாண்டி மேயப் போய்விட்டன. திங்கள்கிழமை அச்சு.

சா.:
ஒலி உறவைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். 'நுந்தல்' என்று கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் நொந்துபோவார்கள்.

ந.:
'பேருந்து' வந்தபோதும் இப்படித்தான் சிரித்தார்கள், அம்மா. இன்று நடத்துநர் முதல் எல்லோரும் சொல்கிறார்கள்.

சா.:
எழுதுகிறார்கள் ஐயா. சொல்வது பஸ்.

செ. (பெங்களூரு):
சொல்லை விடுங்கள், பொருளைப் பாருங்கள். டெல்லாவிக்னா, லினோஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2022-ல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஆய்விதழ்களில் வந்த நட்ஜ் சோதனைகளில் சராசரிப் பலன் 8.7 சதவீதப் புள்ளி. அமெரிக்காவில் அரசு அமைப்புகளுக்காக நட்ஜ்களைச் சோதிக்கும் இரண்டு பிரிவுகள் நடத்திய 126 சோதனைகளில் 1.4. பலித்தது அச்சேறுகிறது, பலிக்காதது மேசை இழுப்பறைக்குள் போகிறது. வித்தியாசத்தில் பெரும்பங்கு அதனால்தான் என்கிறார்கள். கு. தம்பி, உங்கள் ஆஸ்திரியா எண்ணும் காகிதத்து ஒப்புதல்தான், உறுப்பு எடுத்த கணக்கு அல்ல. அதை ஒரு வரி சேருங்கள். பலன் இவ்வளவு மெலிசு என்பதால் 'மென்தூண்டல்' பொருந்தும்.

வே.:
மென் + தூண்டல், மென்றூண்டல் அல்லவா? நன்னூல் படித்தவர் யாருமே இங்கே இல்லையா?

சா.:
மென்று உண்பது போல இருக்கிறது. 'மென்பொருள்' போல 'மென்தூண்டல்' என்றே பிரித்து நிற்கட்டும்.

வே.:
மென்பொருளில் புணர்ச்சிக்கு வேலையே இல்லை, அம்மா. பகரம் வந்தால் னகரம் அப்படியே நிற்கும். எடுத்துக்காட்டே தப்பு. சரி, போடுங்கள். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

கு.:
'மென்தூண்டல்' என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் அடைப்பில் 'நட்ஜ்' என்றும் தருகிறேன். ஆஸ்திரியா வரியும் சேர்த்தாயிற்று. எல்லோருக்கும் நன்றி. அப்புறம், அடுத்த அலகில் 'ஸ்லட்ஜ்' வருகிறது. நல்லதைச் செய்யப் போகிறவனைப் படிவம், கையொப்பம், அலைச்சல் என்று இழுத்தடிப்பதற்குத் தேலர் பிரபலப்படுத்திய பெயர். 'சகதி' சரிதானே?

ந.:
'அளறு' இருக்கும்போது சகதி எதற்கு? இரவு விரிவாக எழுதுகிறேன்.