ஹெசரகட்டா புல்வெளியில் பூனைப்பருந்துகள்: நாங்கள் பார்த்தவை

எலஹங்காவிலிருந்து:

டிசம்பரில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு பெங்களூரு ஓரத்து ஹெசரகட்டா புல்வெளிக்குப் போனேன். வண்டியைத் தார் ரோட்டிலேயே நிறுத்திவிட்டு, புல்லோரம் உட்கார்ந்திருந்தோம். வெயில் சாயும் நேரம் ஆண் வெளிர் பூனைப்பருந்து (pallid harrier) ஒன்று வந்தது. சாம்பல் வெள்ளை உடம்பு, இறக்கை நுனியில் மட்டும் கறுப்பு. புல்லுக்கு மேல் முழங்கால் உயரத்தில், இறக்கைகளைச் சற்று தூக்கிப் பிடித்தபடி மிதந்தே வந்தது. செம்பருந்தைப் போல உயரத்தில் வட்டமடிப்பதில்லை. போகிற போக்கில் சட்டென்று திரும்பிப் புல்லுக்குள் விழும். ஆந்தைக்கு இருப்பதுபோல் முகத்தைச் சுற்றி இதற்கும் இறகு வளையம் உண்டு. புல்லுக்குள் எலி அசையும் சத்தத்தை அது காதுக்குச் சேர்த்துக் கொடுக்கும். வெட்டுக்கிளி, ஓணான், வானம்பாடி என்று எதையும் விடாது.

இருட்டுவதற்கு முன் பூனைப்பருந்துகள் ஒவ்வொன்றாக வந்து தரையில் இறங்கின. ஆமாம், தரையில்தான். குளிர்காலம் முழுக்க இவை கூட்டமாகப் புல்லுக்குள்ளேயே தூங்குகின்றன.

"மரத்துல தூங்காதாடி? நாய் நரி வந்தா?" என்று அம்மா பதறிப்போனார்.

"புல்லு உயரமா இருந்தா கண்ணுக்குத் தெரியாதும்மா" என்றேன். வீடு வந்து சேரும்வரை அம்மா அதையேதான் பேசிக்கொண்டு வந்தார். கசகஸ்தான் பக்கத்துப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இவ்வளவு தூரம் பறந்து வந்து, கடைசியில் நம்பிப் படுப்பது இந்தப் புல்லைத்தான். எனக்கும் அது மனதை விட்டுப் போகவில்லை.

அல்சூரிலிருந்து:

எனக்குப் பெண் பறவைகள்தான் பிடிக்கும். பழுப்பு உடம்பு, முதுகும் வாலும் சேரும் இடத்தில் பளிச்சென்று வெள்ளை. வெளிர் பூனைப்பருந்தா, மொண்டேகு பூனைப்பருந்தா என்று பறக்கும்போது சொல்வது கஷ்டம். முகத்துக்குப் பின்னால் வெளிர்நிறக் கழுத்துப்பட்டை தெளிவாகத் தெரிந்தால் அது வெளிர் பூனைப்பருந்து. ஏரி ஓர நாணலில் கரும்பழுப்பு உடம்பும் வெளிர் மஞ்சள் தலையுமாகத் திரிவது சேற்றுப் பூனைப்பருந்து. அக்கா, அடுத்த தடவை அம்மாவை அந்தப் பக்கமும் கூட்டிப் போங்க.

ஜாலஹள்ளியிலிருந்து:

தங்கச்சி சொன்ன அந்தத் தரைத் தூக்கம்தான் எனக்குக் கவலை. போன குளிர்காலத்தில் என் கண் முன்னாலேயே ஒரு ஜீப் புல்லுக்குள் இறங்கி, கேமராவுக்காகப் பருந்தைத் துரத்தியது. இருட்டிய பிறகு அப்படி ஓட்டினால் படுத்திருக்கும் பறவைகளின் கதி என்ன? பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கன்னடத்தில் சத்தம் போட்ட பிறகுதான் கிளம்பினார்கள். அவருக்கு நான் கும்பிடு போட்டேன்.

புல் என்றாலே தரிசு என்று நினைக்கிறார்கள். இங்கே திரைப்பட நகரம் கட்டும் பேச்சு நடந்தது. மரம் நட்டுப் பசுமையாக்கலாம் என்றும் நல்லெண்ணத்தோடு சிலர் வருகிறார்கள். மரம் மூடினால் பூனைப்பருந்துக்கு வேட்டையும் இல்லை, படுக்கையும் இல்லை. 2021-இல் கர்நாடக மாநில வனவிலங்கு வாரியம் இந்தப் புல்வெளியைக் காப்பகமாக்கும் திட்டத்தை நிராகரித்தபோது எங்களில் பலர் சோர்ந்துபோனோம். 2024 அக்டோபரில் அதே வாரியம் 5,000 ஏக்கருக்கு மேல் காப்பகமாக்க ஒப்புக்கொண்டது. அன்று சாயங்காலம் வீட்டில் பாயசம்.

பார்க்க விரும்புகிறவர்கள் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் இடையில் வாருங்கள், மார்ச்சிலேயே கிளம்பத் தொடங்கிவிடும். பைனாகுலர் போதும், ட்ரோன் வேண்டவே வேண்டாம். தூங்கும் இடம் தெரிந்தாலும் வரைபடத்தில் குறித்து யாருக்கும் அனுப்பாதீர்கள்.