ஒரே மாதிரிதான் சேவ் செய்தேன், நாலு மாதிரி ஃபைல் வந்திருக்கிறது

மைனா:
மகளுக்காகப் பறவைப் பட அட்டைகள் செய்துகொண்டிருக்கிறேன். பக்கத்துக்கு ஆறு படம், கீழே பெரிய எழுத்தில் பெயர், பிறகு வெட்டி லேமினேட். யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று அனுமதி போட்டிருக்கும் படங்களைத்தான் எடுக்கிறேன், அதனால் காப்புரிமை வகுப்பு வேண்டாம்.

எல்லாப் படத்துக்கும் செய்தது ஒன்றேதான். படத்தின் மேல் ரைட் கிளிக், சேவ் இமேஜ் ஆஸ், ஓகே. ஆனால் வந்தவை:

மீன்கொத்தி: ஜேஎஃப்ஐஎஃப் என்று முடிகிற ஃபைல். பெயரை ஜேபிஜி என்று மாற்றினேன், சரியாகிவிட்டது.

மரங்கொத்தி: வெப்பி. அதே வித்தையைச் செய்தேன். படம் பார்க்கிற ஆப்பில் திறக்கிறது, அட்டை செய்கிற என் பழைய மென்பொருள் மட்டும் வாங்க மறுக்கிறது. அங்கே திறப்பது இங்கே ஏன் திறக்கவில்லை?

ஆந்தை: ஃபைல் திறக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. வெள்ளை.

கொண்டலாத்தி: ஹெச்டிஎம் என்று சேவ் ஆகிறது. ஜேபிஜி ஆக்கினாலும் எதிலும் திறக்கவில்லை.

பிரவுசரை அழித்துத் திரும்ப நிறுவியாயிற்று. அது சேர்த்து வைத்திருந்த தற்காலிக ஃபைல்களையும் (கேஷ்) துடைத்தாயிற்று. விண்டோஸ் கணினி. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நேற்று இரவு முழுக்க இதிலேயே போய்விட்டது.

இரவுப்பணி:
ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிட வேலை.

மைனா:
எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். திரையில் ஆந்தை 300 பிக்சல் அகலம்தான் இருக்கிறது. என் அட்டை 8 செ.மீ. அச்சில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் கிட்டத்தட்ட 945 பிக்சல் தேவை. ஒரு அட்டை அச்சிட்டும் பார்த்தேன், ஆந்தை மூடுபனியில் உட்கார்ந்திருப்பது போல வந்தது.

பழைய கீபோர்டு:
பிரவுசர் மேல் தப்பில்லை, அதைத் திரும்ப நிறுவியதெல்லாம் வீண் வேலை. நான்கும் நான்கு வேறு பிரச்சினை. நான் ஊகித்துச் சொல்வதைவிட நீங்களே பார்ப்பது நல்லது.

நான்கு ஃபைலையும் ஒவ்வொன்றாக நோட்பேடில் திறங்கள். கிறுக்கல் கிறுக்கலாக வரும், பயப்படாதீர்கள். முதல் வரியில் படிக்கிற மாதிரி என்ன எழுத்து இருக்கிறது என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். சேவ் செய்யாமல் மூடிவிடுங்கள், சேவ் கொடுத்தால் படம் நிஜமாகவே கெட்டுவிடும். அப்படியே ஃபைலின் பிராப்பர்டீஸில் அளவு எவ்வளவு என்றும் பாருங்கள்.

மைனா:
பார்த்தேன்.

மீன்கொத்தி: ஏதோ நாலைந்து விசித்திர எழுத்து, பிறகு ஜேஎஃப்ஐஎஃப். 212 கேபி.
மரங்கொத்தி: முதலில் ஆர்ஐஎஃப்எஃப், கொஞ்சம் தள்ளி வெப்பி விபி8. 96 கேபி. நான் ஜேபிஜி என்று பெயர் மாற்றிய ஃபைலிலும் இதேதான் இருக்கிறது!
ஆந்தை: ஜிஃப்89ஏ. அளவு 43 பைட். கேபி இல்லை, வெறும் 43 பைட்.
கொண்டலாத்தி: கிறுக்கலே இல்லை. டாக்டைப் ஹெச்டிஎம்எல் என்று ஆரம்பித்து ஒரு முழு வலைப்பக்கமே இருக்கிறது.

பழைய கீபோர்டு:
விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

மீன்கொத்தி பிறவியிலேயே ஜேபெக். ஜேஎஃப்ஐஎஃப் என்பது ஜேபெக் தரவை ஃபைலில் வைக்கிற முறையின் பெயர், தனி வடிவம் ஒன்றும் இல்லை. உள்ளே ஏற்கெனவே சரியான பொருள் இருந்தது, அதனால் பெயர் மாற்றியதும் வேலை செய்தது. ஜேபெக் ஃபைல் பெயரின் கடைசியில், புள்ளிக்குப் பிறகு, எந்த வால் போடுவது என்பது விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கிற ரெஜிஸ்ட்ரியில் எழுதியிருக்கிறது. ஹெச்கீ கிளாசஸ் ரூட், மைம், டேட்டாபேஸ், கன்டென்ட் டைப், இமேஜ்/ஜேபெக் என்று போனால் எக்ஸ்டென்ஷன் என்று ஒரு மதிப்பு இருக்கும். அங்கே ஜேஎஃப்ஐஎஃப் என்று இருந்தால் ஜேபிஜி ஆக்கிவிடலாம், முன்னால் புள்ளி முக்கியம். தொடுவதற்கு முன் அந்த இடத்தை எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

மரங்கொத்தி நிஜமான வெப்பி. கூகுள் 2010இல் அறிவித்த வடிவம். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது. படம் பார்க்கிற ஆப் வாலை நம்பாமல் முதல் சில பைட்டுகளைப் படித்துத் திறந்திருக்கிறது. உங்கள் பழைய மென்பொருள் வாலை நம்பி ஜேபெக் என்று எதிர்பார்த்து ஏமாந்திருக்கும், இல்லையென்றால் அதற்கு வெப்பியே தெரியாது. ஜிம்ப் என்கிற இலவசப் பட மென்பொருளில், 2.10 அல்லது அதற்குப் பிந்தையதில், திறந்து தரம் குறைக்காத பிஎன்ஜி ஆக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஜேபெக் ஆக்கினால் இன்னொரு முறை சுருங்கி இன்னும் கொஞ்சம் தரம் போகும். அச்சுக்குப் போகிற படம், வேண்டாம்.

ஆந்தைதான் எனக்குப் பிடித்தது. 43 பைட் ஜிஃப் என்றால் ஒரே ஒரு பிக்சல், அதுவும் ஒளி ஊடுருவுகிற பிக்சல். அதை இழுத்துப் பெரிதாக்கி ஆந்தையின் மேல் கண்ணாடித் தாள் மாதிரி விரித்திருக்கிறார்கள். உங்கள் ரைட் கிளிக் பட்டது தாளில், கீழே இருக்கிற ஆந்தைக்கு அது தெரியவே தெரியாது. ஃபயர்ஃபாக்ஸில் அந்தப் பக்கத்தைத் திறந்து கண்ட்ரோலும் ஐயும் அழுத்துங்கள். மீடியா என்கிற தாவலில் பக்கத்தின் படங்கள், பின்னணிப் படங்கள் உட்பட, வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றாக அமுக்கினால் கீழே படமும் பிக்சல் அளவும் தெரியும். பெரியதாகப் பார்த்து அங்கேயே சேவ் செய்யலாம்.

கொண்டலாத்தி: நீங்கள் படம் கேட்டீர்கள், சர்வர் பக்கம் கொடுத்தது. சேவ் கொடுக்கும்போது பிரவுசர் சில சமயம் படத்தைத் திரும்பக் கேட்கும். அதற்குள் லாகின் காலாவதியாகியிருந்தாலோ, வேறு இடத்திலிருந்து கேட்கிறார்கள் என்று சர்வர் நினைத்தாலோ ஒரு பிழைப் பக்கம் வரும். நோட்பேடில் அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்களேன், காரணம் பெரும்பாலும் அதிலேயே இருக்கும்.

இரவுப்பணி:
இது எனக்கே தெரியாது. நான் ஆறு மாதமாக வெப்பியை எல்லாம் பெயர் மாற்றி மாற்றி வைத்திருக்கிறேன். ஒரு சந்தேகம். முகவரியின் கடைசியில் ஜேபிஜி என்றே இருக்கிறது, சேவ் ஆனால் வெப்பி. அது எப்படி?

பழைய கீபோர்டு:
படம் கேட்கும்போதே பிரவுசர் எனக்கு வெப்பியும் தெரியும், ஏவிஐஎஃப் என்கிற இன்னொரு பட வடிவமும் தெரியும் என்று ஒரு பட்டியலைக் கூடவே அனுப்புகிறது. சர்வர் அதைப் பார்த்துவிட்டுச் சிறியதாக இருப்பதைக் கொடுக்கும். முகவரி வெறும் பெயர்ப்பலகை. நீங்கள் பெயர் மாற்றி வைத்தவை ஒன்றும் கெட்டுப்போகவில்லை, உள்ளே வெப்பியாகவே பத்திரமாக இருக்கின்றன.

மைனா:
கொண்டலாத்தி ஃபைலில் பாதிக்குக் கீழே "உங்கள் அமர்வு முடிந்துவிட்டது, மீண்டும் உள்நுழையவும்" என்று ஆங்கிலத்தில் இருந்தது. அதை மூன்று முறை ஜேபிஜி என்று பெயர் மாற்றித் திறந்து பார்த்தேன் என்று இங்கே மட்டும் சொல்லிக்கொள்கிறேன். உள்நுழைந்து பக்கத்தைப் புதுப்பித்துச் சேவ் செய்தேன், ஒரே முறையில் வந்துவிட்டது.

ஆந்தைக்கு மீடியா தாவலில் இரண்டு படம் இருந்தது. 300 பிக்சலில் ஒன்று, 1600இல் ஒன்று. பெரியதை எடுத்து அச்சிட்டேன், இறகில் இருக்கிற கோடுகூடத் தெரிகிறது. மரங்கொத்தியும் பிஎன்ஜி ஆகிவிட்டது, ஃபைல் மூன்று மடங்கு பெருத்துவிட்டது, பரவாயில்லை.

ரெஜிஸ்ட்ரியை மட்டும் தொடவில்லை. ஒரு மீன்கொத்திக்காக அவ்வளவு தைரியம் வரவில்லை, கையாலேயே பெயர் மாற்றிக்கொள்கிறேன்.