முதல் இழைப்புளி: 4-ஆம் நம்பரா, 5-ஆம் நம்பரா?

கேள்வி:
மரவேலை கற்கத் தொடங்கி மூன்று மாதம் ஆகிறது. ரம்பம், உளி, மூலைமட்டம் இருக்கின்றன. மரத்தைச் சீவும் இழைப்புளி வாங்கப் போனால் ஸ்டான்லி கம்பெனி வரிசையில் 4, 5, 7 என்று நம்பர் சொல்கிறார்கள். பிளாக் பிளேன் என்ற கையடக்கச் சின்ன இழைப்புளி வேறு. எல்லாம் வாங்க வசதியில்லை. செய்ய நினைப்பது ஸ்டூலும் புத்தக அலமாரியும்.

இரவல் வாங்கிய 4-ஆம் நம்பரில் மூன்றடிப் பலகைகள் இரண்டின் விளிம்பை இழைத்தேன். தொட்டால் வழவழப்பு. சேர்த்துப் பிடித்தால் இரண்டு முனையிலும் வெளிச்சம் தெரிகிறது. நடுவில் மரம் செதில் செதிலாகப் பெயர்கிறது. கோளாறு கருவியிலா, என் கையிலா?

பதில் 1:
ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 5. 4-இன் நீளம் சுமார் 9½ அங்குலம். மேடு பள்ளத்தில் அதுவும் சேர்ந்து ஏறி இறங்கும். 5 சுமார் 14 அங்குலம். பள்ளத்தைத் தாண்டி மேட்டை மட்டும் சீவும். இரண்டுக்கும் வெட்டும் தகடு 2 அங்குல அகலம், அதனால் கடைசி மெருகையும் 5-லேயே முடிக்கலாம். 7-ஐ இப்போது மறந்துவிடுங்கள். பழையது கிடைத்தால் நல்லது. துரு போய்விடும்; தகடு அடியில் நீட்டும் வாய்ப்பக்கம் விரிசல் இருந்தால் மட்டும் தொடாதீர்கள்.

பதில் 2:
தம்பி, சாணைக்கல்லுக்கும் காசு ஒதுக்குங்க. தீட்டாத இழைப்புளி எந்த நம்பரானாலும் ஒன்றுதான். தகட்டின் முனையை 30 பாகைச் சாய்வில் கல்லில் தேய்த்துவிட்டு, தகட்டின் பின்பக்கம் விரலை முனைக்கு வெளியே இழுத்துப் பாருங்க. முழு அகலத்துக்கும் பிசிறு, அதாவது தேய்த்ததில் மடிந்த மெல்லிய உலோக ஓரம், தட்டணும். தட்டாத இடத்தில் கூர் ஏறலை. அப்புறம் தகட்டைத் திருப்பி, கல்லில் படிய வைத்துப் பிசிறை எடுங்க.

செதில் பெயர்வது மர ரேகைக்கு எதிராகத் தள்ளுவதால். பலகையின் பக்கவாட்டைப் பாருங்க, ரேகை மேலேறும் திசையில் தள்ளுங்க. முனை தாழ்வது கைப்பழக்கம்: தொடங்கும்போது முன்பிடியில் அழுத்தம், முடிக்கும்போது பின்பிடியில்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. இடது மூலையில் பிசிறே இல்லை, அங்கேதான் மொட்டை. தீட்டி, பலகையைத் திருப்பிப் போட்டு இழைத்தேன். செதில் நின்றுவிட்டது, சீவல் அறுபடாமல் ஒரே சுருளாக வந்தது! வெளிச்சமும் குறைந்திருக்கிறது. 5 தேடுகிறேன். பிளாக் பிளேனும் உடனே வேண்டுமா?

பதில் 2:
அது இரண்டாவதாக வரட்டும். கூர்விளிம்பை மழுக்க, பலகை முனையில் ரேகை அறுபட்டுத் தெரியும் குறுக்குவெட்டு முகத்தைச் சீவ ஒற்றைக் கைக்கு அடக்கமானது. குறுக்குவெட்டில் மட்டும் ஓரத்திலிருந்து நடுவுக்குத் தள்ளுங்க. வெளிப்பக்கமாகத் தள்ளினால் கடைசி முனை பிளந்துவிடும்.