மறு: மறு: மூணு படகு விவகாரம், தலைக்கு 5,000

அனுப்புநர்: செயலாளர், சிங்கப்பூர்

உறவுகளுக்கு வணக்கம். மீன்பிடி தடைக்காலம் ஜூன் 14 ராத்திரியோட முடிஞ்சு, நம்ம ஊர் விசைப்படகுங்க தொழிலுக்குப் போன முதல் வாரமே மூணு படகை மீன்துறை அமலாக்கப் பிரிவு பிடிச்சிருச்சு. மடியை, அதான் இழுவை வலையை, கழட்டி எடுத்துக்கிட்டாங்க. கடலுக்குப் போற அனுமதி டோக்கன் கிடையாது, மானிய டீசலும் நின்னுபோச்சு. அபராதத்தை, வெளிநாட்டுல இருக்குற நம்ம ஊர்க்காரங்க சங்கம் ஏத்துக்கணும்னு பஞ்சாயத்தார் கேக்குறாங்க. தலைக்கு 5,000 ரூபாய். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் போடுங்க.

அனுப்புநர்: தம்மாம் தம்பி

அண்ணே, எந்த மூணு படகு? என்ன கேஸு? உத்தரவு எழுத்துல வந்துச்சா, இல்ல வாய்ப்பேச்சா? வலை பின்னும் கூடத்துக்கு அனுப்புன பணத்துல மிச்சக் கணக்கே இன்னும் வரலை. கூரைத் தகட்டுக்கு ரசீது இருக்கு, கொத்தனார் கூலிக்கு இருக்கு, நடுவுல 41,000 அந்தரத்துல நிக்குது. இதைக் கேட்டதுக்குத்தான் போன தடவை என்னைக் கணக்கப்பிள்ளைன்னு எழுதுனீங்க. இந்தத் தடவையும் எழுதிக்கங்க.

அனுப்புநர்: துபாய் மச்சான்

பணம் பெரிசா, ஊர் பேர் பெரிசா? பக்கத்து ஊர் வடக்கூர்க்காரன் சுருக்குவலை போட்டு, மீன்கூட்டத்தையே வளைச்சு, கடலையே வழிச்சு எடுக்குறான், அவன் பக்கம் ஒரு அமலாக்க போட் போகலை. நம்ம மடியைத் துறைமுகத்துல எல்லார் முன்னாடியும் விரிச்சுப் போட்டு அளந்திருக்கான். காட்டிக்கொடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும், ஊர்ப் பெரியவீட்டுக் குடும்பத்துக்கும் தெரியும். என் பங்கு 10,000. எழுதிக்கங்க.

அனுப்புநர்: கிழக்குத் தெரு மாமா, குவைத்

மச்சான் கோபம் சரி. ஆனா எதுக்கு பிடிச்சான்னு இதுவரைக்கும் ஒருத்தரும் எழுதலை. தங்கச்சி மகன் லீவுல போயிருந்தப்ப எடுத்த படத்தை இணைச்சிருக்கேன், திறந்து பாருங்க. கூடத்துல கிடக்குற மடியோட கடைசிப் பை, மீன் வந்து சேர்ற இடம். வெளியில பச்சைக் கயிறு, கண்ணி, அதான் வலை ஓட்டை, நல்ல அகலம். உள்ளே கையை விட்டு இழுத்தா இன்னொரு பை, நீலம், நரம்பு மாதிரி. அதோட கண்ணியில சுண்டுவிரல் நகம்கூட நுழையலை. காட்ட ஒரு பை, மீன் பிடிக்க ஒரு பை. இதைத்தான் பிடிச்சிருக்கான். காட்டிக்கொடுக்க வடக்கூர் தேவையில்லை, மடியை மேடையில கொட்டினா குருடனுக்கும் தெரியும்.

கடைசிப் பையில கண்ணி 40 மி.மீ.-க்குக் குறையக் கூடாது. அளக்குறதுல நம்ம ஆளுங்க ரெண்டு இடத்துல ஏமாறுறாங்க. ஒண்ணு, கடையில 40-னு சொல்றது முடிச்சு நடுவுலேருந்து எதிர் முடிச்சு நடுவு வரைக்கும். அதிகாரி பாக்குறது உள்வாய், அதாவது கண்ணியை இழுத்துப் பிடிச்சா முடிச்சுக்கும் முடிச்சுக்கும் நடுவுல இருக்குற வெறும் இடம். தடிச்ச கயிறுன்னா இதுலேயே 3 மி.மீ. போயிரும். ரெண்டாவது, நாலு தடவை வலை போட்டு இழுத்ததும் முடிச்சு இறுகும், சேறும் ஏறும். அதனால 40 வேணும்னா 45-ஐ வாங்கணும். 40-னு எழுதின கட்டை வாங்கிட்டு வந்து "கடைக்காரன்தான் சொன்னான்"னு நின்னா யாரு கேப்பா?

அடுத்தது கண்ணியோட வடிவம். நாம போடுறது சாய்சதுரமா இருக்குற டைமண்ட் கண்ணி. பையில மீன் சேரச் சேர பாரம் பின்னாடி இழுக்கும், கண்ணி நீளவாக்குல மூடிக்கிட்டு வெறும் கீறல் ஆயிரும். அப்போ கண்ணி 40-ஆ இருந்தாலும் பொடிமீன் வெளியேற வழி கிடையாது. சதுரக் கண்ணி அப்படி மூடாது. 40 கண்ணின்னா நாலு பக்கமும் 20 மி.மீ., இழுக்குறப்பவும் அந்த ஓட்டை அப்படியே நிக்கும். செய்றதும் பெரிய வித்தை இல்லை. இருக்குற வலைத்துண்டை 45 டிகிரி சாய்ச்சு, கண்ணியோட ஒரே காலை, அதான் ஒரு பக்கத்தை, பிடிச்சுக்கிட்டு கடைசிவரை வெட்டணும். ஓரத்துல முக்கோணம் முக்கோணமா கொஞ்சம் வீணாகும். வழக்கமா தப்பு நடக்குறது பைக்கு முன்னாடி இருக்குற மேல் வலையோட சேர்க்குற இடத்துல. டைமண்ட்ல எத்தனை கண்ணியோ அத்தனையே சதுரத்துலயும் வச்சா பை பீப்பாய் மாதிரி விரிஞ்சு இழுவையைக் கூட்டும். மேல் வலையில ரெண்டு கண்ணிக்கு சதுரத்துல ஒரு கால்னு கோத்துக்கிட்டு வரணும். முடிச்சு வலையைச் சதுரமா போட்டா முடிச்சு நகந்து ஒரு கண்ணி பெரிசும் ஒண்ணு சிறிசுமா ஆயிரும், அதனால முடிச்சில்லாத வலை நல்லது. அடியில தரை உரசாம இருக்க சாக்கு கட்டுற பழக்கத்தையும் குறைக்கணும். பையைச் சுத்தி சாக்கு கட்டினா கண்ணி எந்த அளவா இருந்து என்ன, எல்லாம் அடைச்சுக்கும்.

முதல் பத்து நாள் சங்காயம், அதான் கழிவா போற பொடிமீன், குறையும், இல்லேன்னு சொல்லலை. கோழித் தீவனத்துக்குப் போற அந்தப் பெட்டிக் காசு ஆளுங்க படிக்காசுக்காவது ஆகுதுன்னு படகு வச்சிருக்குற சம்மாட்டி சொல்லுவாரு. ஆனா அந்தப் பெட்டியில இருக்குறது என்ன? சங்கராக் குஞ்சு, கணவாய்க் குஞ்சு, கானாங்கெளுத்திக் குஞ்சு. கேரளாவுல மத்தி 10 செ.மீ., கானாங்கெளுத்தி 14 செ.மீ., அதுக்குக் குறைஞ்சா கரைக்கே கொண்டுவரக் கூடாதுன்னு வச்சிருக்கான். நம்ம பெட்டியை அங்க கொண்டுபோனா அடியிலேருந்து மேல வரைக்கும் குற்றம்தான்.

இப்போ பணத்துக்கு வரேன். அபராதத்தை நாம கட்டக் கூடாது. கட்டினா அடுத்த தடைக்காலம் முடிஞ்சதும் அதே நீலப் பை திரும்ப உள்ளே போகும், அதே மடல் திரும்ப நமக்கு வரும். அந்தப் பணத்துல ஊர்ல இருக்குற அத்தனை விசைப்படகுக்கும் சதுரக் கண்ணிக் கடைசிப் பை ஒண்ணும், மாத்து ஒண்ணும் வாங்கிக் கொடுக்கலாம். அதுக்குன்னா என் பங்கு ரெட்டிப்பு.

அனுப்புநர்: தம்மாம் தம்பி

மாமா எழுதினது சரி. மூணு படகுகாரங்களும் செய்ய வேண்டியதை நான் சொல்றேன். விசாரணை அதிகாரி உத்தரவு போடாம ஒரு பைசா யார் கையிலயும் கொடுக்கக் கூடாது. பிடிச்ச மீனை ஏலம் விட்டிருந்தா அந்தத் தொகை எவ்வளவு, எங்க கட்டியிருக்குன்னு எழுத்துல கேட்டு வாங்கணும். உத்தரவு தப்புன்னு தோணினா 30 நாளுக்குள்ள மேல்முறையீடு. இதுல மூணாவது படகு வித்துக் கைமாறி நாலு வருஷம் ஆச்சு, பதிவுப் புத்தகம் (ஆர்.சி.) இன்னும் பெரியவீட்டு அண்ணன் பேர்லயே கிடக்குது. நோட்டீஸ் அவர் வாசலுக்குத்தான் போகும். அவர் ஏன் சும்மா இருக்காருன்னு இப்போ புரியுதா?

இன்னொண்ணு. ஒரு விசைப்படகுக்கு ஆண்டுக்கு 19,000 லிட்டர் வரிவிலக்கு டீசல். பத்து மாசத் தொழில்னு வச்சா மாசம் 1,900 லிட்டர். ஒரு மாசம் அது நின்னாலே எவ்வளவு போகுதுன்னு போட்டுப் பாருங்க. நஷ்டம் அபராதத்துல இல்லை, டீசல் புத்தகத்துல இருக்கு.

தடைக்கால நிவாரணம் 5,000-லேருந்து 8,000 ஆனதும் எல்லாருக்கும் தெரியும். இந்தச் சங்கத்துல உறுப்பினரா இருந்துக்கிட்டு, வெளிநாட்டுல சம்பளமும் வாங்கிக்கிட்டு, அந்தப் பட்டியல்லயும் பேர் வச்சிருக்குறவங்க நாலு பேர். பேர் சொல்ல வேணாம்னு பாக்குறேன். மீனவர் சேமிப்பு நிவாரணத் திட்டத்துக்குக் கட்டுற 1,500-ஐயும் அவங்க பேர்ல ஊர்ல யாரோ கட்டிக்கிட்டுதான் இருக்காங்க.

அனுப்புநர்: துபாய் மச்சான்

அந்த நாலுல ஒருத்தன் நானுன்னு நினைச்சா நேரா சொல்லு. தங்கச்சி கல்யாணத்துக்கு உங்க அப்பாவுக்கு எங்க வீட்டுலேருந்து என்ன போச்சுன்னு அம்மாகிட்ட கேட்டுக்க. மாமா, சுருக்குவலைக்கு ஏன் பதில் சொல்லலை? அவனுக்கு ஒரு சட்டம் நமக்கு ஒரு சட்டமா?

அனுப்புநர்: கிழக்குத் தெரு மாமா, குவைத்

சொல்றேன் மச்சான். 2000-லேயே தமிழ்நாட்டுல சுருக்குவலையும், ரெண்டு படகு சேர்ந்து இழுக்குற இரட்டை மடியும் தடை. அப்புறம் உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 24-ல இடைக்கால உத்தரவு கொடுத்துச்சு. 12 கடல் மைலுக்கு வெளியே, திங்களும் வியாழனும் மட்டும், காலை 8 மணிக்குக் கிளம்பி சாயங்காலம் 6 மணிக்குள்ள கரை திரும்பணும். பதிவு செஞ்ச படகா இருக்கணும், படகு எங்க இருக்குன்னு காட்டுற டிராக்கர் ஓடிக்கிட்டே இருக்கணும்.

இதைக் கடல்ல போட்டுப் பாரு. 12 மைல் தாண்ட 8 நாட் வேகத்துல ஒன்றரை மணி, திரும்ப ஒன்றரை. மீன் ஏத்தின படகு அந்த வேகத்துல வராது, ரெண்டு மணின்னு வை. கையில நிக்குறது ஆறரை மணி. அதுக்குள்ள மீன்கூட்டம் தேடணும், வளைக்கணும், அடிக்கயிறைச் சுருக்கி இழுக்கணும், அள்ளணும். ஒரு வளைப்பு தப்பினா அன்னைக்கு டீசல்காசு போச்சு. அதனாலதான் 12 மைலுக்கு உள்ளேயே வளைக்குறான். அது தப்புதான், ஆனா அதை நிரூபிக்க டிராக்கர் பதிவு வேணும். "எங்களுக்குத் தெரியும்"னு சொன்னா போதாது. நாள், நேரம், ஜிபிஎஸ் இடம், படகு எண் நாலையும் எழுதி, பஞ்சாயத்து முத்திரையோட துறைக்கு மனு கொடுக்கணும். நம்ம மடியில உள்பை வச்சுக்கிட்டு அந்த மனுவைக் கொடுக்க எந்த மூஞ்சி போகும்?

1983 சட்டம் வந்தப்பவே கரையோரக் கடலை நாட்டுப்படகுக்குன்னு ஒதுக்கினாங்க. அதுக்காகத்தானே நம்ம அப்பன்கள் விசைப்படகுகாரனோட சண்டை போட்டாங்க. இப்போ நம்மகிட்டயே விசைப்படகு.

அனுப்புநர்: பெரியம்மா மகன், டொரான்டோ

கோலா, அதான் பறக்கும் மீன், பிடிக்கத் தழைக்கொத்து கட்டிக்கிட்டுப் போன கட்டுமரத்தை நினைச்சா மனசு என்னமோ பண்ணுது. அப்போ யாரு அளந்தா?

அனுப்புநர்: செயலாளர், சிங்கப்பூர்

தம்பி, அப்போ இன்ஜினும் இல்லை, ஐஸும் இல்லை. போதும்.

முடிவு: அபராதத்துக்கு வசூல் இல்லை. கடைசிப் பைக்கு வசூல். மாமா அளவு எழுதிக் கொடுங்க: கயிறு தடிமன், கண்ணி, பை நீளம், எத்தனை பை. மூணு கடை விலைப்பட்டியல் தம்மாம் தம்பிக்கே நேரா வரட்டும், அவரே பாக்கட்டும். பணம் கடைக்கணக்குக்கு மட்டும் போகும், பஞ்சாயத்துக் கணக்குக்கு இல்லை. பை வாங்கிக்கிற படகு பழைய நீலப் பையைக் கூடத்துல வச்சு அறுத்துப் போட்டுட்டுதான் கையெழுத்துப் போடணும். வலையை நனைச்சு, ஒவ்வொரு பையிலயும் பத்து இடத்துல உள்வாய் அளந்து படம் எடுத்து அனுப்பணும்.

41,000 கணக்கு திங்கட்கிழமை அனுப்புறேன். மணல் லோடு ரசீது கிடைச்சிருச்சு, கம்பி ரசீது இன்னும் தேடுறாங்க.